கொழுப்பு இருந்த இடத்தில் சர்க்கரைச் சங்கிலி: கலோரி குறைந்த ஐஸ்கிரீம் செய்து விற்க நினைப்பவர்களுக்கு

முதல் இரண்டு மாதத்தை நான் பிஸ்கட்டில் தொலைத்தேன். ஈரோட்டில் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு ஓவன், ஒரு கிரைண்டர். வெண்ணெயில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இனுலின் என்ற நார்ச்சத்தைக் கூழாக்கிப் போட்டால் கலோரி பாதியாகும் என்று நம்பினேன். பிஸ்கட் கல்லு மாதிரி வந்தது. அது கூடப் பரவாயில்லை. கலோரியைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. அதற்கப்புறம் ஐஸ்கிரீமுக்கு மாறி, உரிமம், ஆய்வகம், லேபிள், வரி என்று ஒவ்வொரு படியிலும் ஒருமுறை தடுக்கி விழுந்து எழுந்தேன். நீங்கள் அந்தப் படிகளை விழாமல் ஏறுவதற்காக இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பொருளாதாரப் பட்டமோ உணவுத் தொழில்நுட்பப் படிப்போ தேவையில்லை. 1 கிராம் துல்லியத்தில் காட்டும் தராசும், ஒரு வெப்பமானியும், ஒரு நோட்டும் கட்டாயம் வேண்டும்.

1. பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் தண்ணீர்க் கணக்குப் போடுங்கள்

கொழுப்பு 1 கிராமுக்கு 9 கலோரி. சர்க்கரை, மாவுச்சத்து 4. நார்ச்சத்து வகைகள் 2 அல்லது அதற்கும் கீழே. இதை வைத்து எல்லாரும் போடும் கணக்கு, 9 போய் 2 வந்தால் பெரிய லாபம் என்பது. உண்மையில் கொழுப்பின் இடத்தை நிரப்புவது பெரும்பாலும் தண்ணீர். இந்த மாற்றுப் பொருள்கள் தண்ணீரைப் பிடித்து வைத்து, நாக்கில் கொழுப்பு போல வழுக்கச் செய்கின்றன. தண்ணீர் தங்கும் உணவில்தான் கலோரி குறையும்.

என் பிஸ்கட்டைப் பாருங்கள். மைதா 500 கிராம், வெண்ணெய் 300, பொடித்த சர்க்கரை 200. சுட்டபின் ஏறக்குறைய 920 கிராம் நிற்கும். 100 கிராமுக்குச் சுமார் 512 கலோரி. வெண்ணெயில் 150 கிராமை எடுத்து, 25 சதவீத இனுலின் கூழ் 150 கிராம் சேர்த்தேன். கூழில் இனுலின் 37 கிராம்தான், மீதி தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் ஓவனில் ஆவியாகிப் போனது. கடைசியில் நின்றது 830 கிராம் பிஸ்கட், 100 கிராமுக்கு 447 கலோரி. கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தும் கலோரி குறைந்தது 13 சதவீதம்தான். போதாக்குறைக்கு கூழிலிருந்த தண்ணீர் மைதாவோடு சேர்ந்து இழுவை கொடுத்துவிட்டதால் கடிக்க முடியவில்லை.

ஆகவே பிஸ்கட், முறுக்கு, மிக்சர் எல்லாம் வேண்டாம். பொரிப்பதில் இந்தப் பொருள்களுக்கு வேலையே இல்லை, எண்ணெயின் சூட்டை இவை தாங்காது. ஐஸ்கிரீம், கேக் மேல் பூசும் கிரீம், தயிர் வகை இனிப்புகள், ரொட்டியில் தடவும் ஸ்ப்ரெட் ஆகியவை சரியான இடம். நான் எடுத்தது ஐஸ்கிரீம். கீழே வருவதெல்லாம் அதை வைத்துத்தான்.

2. எந்த மாற்றுப் பொருள்?

எல்லாமே சர்க்கரை மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தவைதான். எதை, எவ்வளவு நீளம் கோத்தார்கள் என்பதில் வித்தியாசம்.

மால்டோடெக்ஸ்ட்ரின்: மாவுச்சத்தை உடைத்து எடுப்பது, குளுக்கோஸ் சங்கிலி. மலிவு, நான் வாங்கியது கிலோ 95 ரூபாய். ஆனால் இது 1 கிராமுக்கு 4 கலோரி, நார்ச்சத்து இல்லை, சர்க்கரை போலவே ரத்தத்தில் ஏறும். இதில் டி.இ. என்று ஒரு எண் உண்டு. எண் குறைந்தால் சங்கிலி நீளம், கெட்டித்தன்மை அதிகம். கொழுப்புக்குப் பதிலாகப் போட டி.இ. 10-க்குக் கீழே வேண்டும், கூழாக உறைய 5-க்குக் கீழே. கடையில் "மால்டோ கொடுங்க" என்றால் பானப் பொடிகளுக்கான 18–20 வகையைத்தான் எடுத்துத் தருவார்கள். அது ஐஸ்கிரீமைப் பிசுபிசுப்பாக்குமே தவிர கிரீம் போல ஆக்காது.

பாலிடெக்ஸ்ட்ரோஸ்: குளுக்கோஸோடு சிறிது சார்பிட்டால், சிட்ரிக் அமிலம் சேர்த்துச் சூட்டில் கோத்தது. 1 கிராமுக்கு 1 கலோரிதான். ஐ.என்.எஸ். எண் (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) 1200. சர்க்கரை, கொழுப்பு இரண்டும் போனபின் கலவைக்கு உடம்பு கொடுப்பது இதுதான். நான் கொடுத்த விலை கிலோ 420. சில வகையில் லேசான புளிப்பு அடிக்கும். நடுநிலைப்படுத்திய வகை என்று கேட்டு வாங்குங்கள்.

இனுலின்: சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் ஃப்ரக்டோஸ் சங்கிலி. காப்பித் தூளில் கலக்கிறார்களே, அதே சிக்கரிதான். கிலோ 900 கொடுத்தேன். நீளச் சங்கிலி வகை, சாதாரண வகை என்று இரண்டு உண்டு. கிரீம் போன்ற வழுவழுப்பு வருவது நீளச் சங்கிலியில். சாதாரண வகை லேசாக இனிக்கும், கரைந்து போகும். கேக் கிரீம் செய்பவர்கள் 25 பங்கு நீளச் சங்கிலி இனுலினை 75 பங்கு தண்ணீரில் மிக்சியில் வேகமாக அடித்து, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளை வெளேரென்று வெண்ணெய் மாதிரி உறையும். ஐஸ்கிரீமுக்கு அப்படித் தனியாகக் கூழ் செய்ய வேண்டியதில்லை.

எனக்குச் சரிப்பட்டது பாலிடெக்ஸ்ட்ரோஸும் இனுலினும் சேர்ந்த கூட்டு.

3. கடையில் ஏமாறாதீர்கள்

இது என் சொந்தக் கதை. சர்க்கரையையும் கொழுப்பு அமிலத்தையும் பிணைத்துச் செய்யும் ஒலெஸ்ட்ரா என்ற பொருளைப் பற்றிப் படித்திருந்தேன். ஒரு சர்க்கரை மூலக்கூறில் ஆறு முதல் எட்டுக் கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருப்பதால் குடல் அதை உடைக்க முடியாது, கலோரி பூஜ்யம். அமெரிக்காவில் 1996-ல் உப்புச் சிற்றுண்டிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். வயிற்றுப் பிடிப்பு, பேதி என்று பெட்டியில் எச்சரிக்கை போட வேண்டியிருந்தது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் அது அடித்துக்கொண்டு போகும். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி இல்லை. வீட்டில் செய்யக்கூடிய சமாச்சாரமும் இல்லை.

அப்போது எனக்கு இவ்வளவு தெரியாது. சென்னையில் ஒரு கடையில் கேட்டேன். "இருக்குக்கா, சுக்ரோஸ் எஸ்டர்" என்று ஒரு கிலோ கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது ஐ.என்.எஸ். 473. இதில் ஒட்டியிருப்பது ஒன்று முதல் மூன்று கொழுப்பு அமிலம். எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கும் குழம்பாக்கி. அரை சதவீதம் கூடப் போட மாட்டார்கள். நன்றாகவே செரிக்கும், கலோரியும் உண்டு. பெயர்தான் ஒன்று போலிருக்கிறதே தவிர வேலை வேறு. அந்த டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே எதை வாங்கினாலும் மூன்றைக் கேளுங்கள்: அந்த லாட்டுக்கான பகுப்பாய்வுச் சான்று, ஐ.என்.எஸ். எண், விற்பவரின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உள்ள பில். சான்றில் டி.இ. எண்ணோ சங்கிலி நீளமோ இல்லையென்றால் வாங்காதீர்கள். பிரித்துக் கட்டிய பொட்டலம் வேண்டவே வேண்டாம். பின்னால் உரிமத்துக்கும் ஆய்வகத்துக்கும் இந்தக் காகிதங்கள் தேவைப்படும்.

முதல் வாங்கலில் ஒவ்வொன்றும் 1 கிலோ போதும். இனுலின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். ஐப்பசியில் 5 கிலோ பையைத் திறந்து வைத்து நான் பாதியை இழந்தேன்.

4. கலவை: 1 கிலோ மிக்ஸுக்கு

நம் நாட்டு விதிப்படி சாதாரண ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்த கொழுப்பு ஐஸ்கிரீம் என்று தனி வகை உண்டு: பால் கொழுப்பு 2.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மொத்தத் திடப்பொருள் 26 சதவீதம், பால் புரதம் 3 சதவீதம் குறைந்தபட்சம். நடுவில் நின்றால் நடுத்தரக் கொழுப்பு வகை. நீங்கள் எதில் விழுகிறீர்கள் என்பதைக் காகிதத்தில் முடிவு செய்துவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

என் கலவை:

டோன்டு பால் (3 சதவீதக் கொழுப்பு, 8.5 சதவீத எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு அல்லாத திடப்பொருள்) – 640 கிராம்
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் – 70 கிராம்
சர்க்கரை – 130 கிராம்
பாலிடெக்ஸ்ட்ரோஸ் – 40 கிராம்
நீளச் சங்கிலி இனுலின் – 30 கிராம்
ஐஸ்கிரீம் ஸ்டெபிலைசர்-எமல்சிஃபயர் கலவை – 5 கிராம்
தண்ணீர் – 85 கிராம்

இதில் கொழுப்பு 2 சதவீதம், திடப்பொருள் 34 சதவீதத்துக்குச் சற்று மேல், 100 கிராமுக்கு ஏறக்குறைய 124 கலோரி. 10 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண ஐஸ்கிரீம் இதே கணக்கில் 190. பிஸ்கட்டில் 13 சதவீதம். இங்கே 35 சதவீதம். ஐஸ்கிரீமில் தண்ணீர் போகாமல் உள்ளேயே உறைந்து நிற்பதுதான் காரணம்.

செலவு மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். இனுலினும் பாலிடெக்ஸ்ட்ரோஸும் சேர்ந்து கிலோவுக்கு 44 ரூபாய். எடுத்துவிட்ட 80 கிராம் கொழுப்பை வெண்ணெயாக வாங்கினால் 55 ரூபாய் வந்திருக்கும். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

செய்முறையில் கவனிக்க வேண்டியது கட்டி சேராமல் பார்ப்பது. பொடிகள் எல்லாவற்றையும், ஸ்டெபிலைசர் உட்பட, சர்க்கரையோடு உலர்ந்த நிலையிலேயே கலந்துவிடுங்கள். பாலையும் தண்ணீரையும் 45 டிகிரிக்குச் சூடாக்கி, பிளெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொடியைத் தூவுங்கள். அப்புறம் 70 டிகிரிக்குக் கொண்டுபோய் அரை மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். கை வைத்துப் பார்க்கும் வேலை கூடாது, வெப்பமானிதான். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி விரைவாக 4 டிகிரிக்குக் குளிர வைத்து, குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுவதும் ஃப்ரிட்ஜில் ஊற விடுங்கள். கொழுப்பு குறைந்த மிக்ஸில் இந்த ஊறல்தான் உயிர். இனுலின் தண்ணீரைப் பிடித்து வழுவழுப்பாவது இந்த நேரத்தில்தான். அவசரப்பட்டு 1 மணி நேரத்தில் எடுத்த பாட்சுகள் எல்லாம் எனக்குக் குச்சி ஐஸ் மாதிரி வந்தன.

பழக்கூழ் சேர்ப்பதானால் ஆறிய பிறகு சேருங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்தால் இனுலின் சங்கிலி உடைந்து சாதாரண ஃப்ரக்டோஸாகிவிடும். நார்ச்சத்துக்குக் கொடுத்த காசு போய்விடும், கலோரியும் ஏறும்.

எசன்ஸைப் பாதியாகக் குறையுங்கள். கொழுப்பு வாசனையைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். அது இல்லாதபோது வெனிலா முதல் ஸ்பூனிலேயே மூக்கில் அடித்துவிட்டு உடனே காணாமல் போகும். என் அனுபவத்தில் காப்பியும் ஏலக்காயும் வெனிலாவைவிட நன்றாக நிற்கின்றன.

5. ஃப்ரீசரில் என்ன தவறும்

வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் சோதனை செய்யலாம், விற்க முடியாது. மிக்ஸைக் கடைந்துகொண்டே உறைய வைக்கும் பாட்ச் ஃப்ரீசர் வேண்டும், நான் பழையது ஒன்றை 85,000 ரூபாய்க்கு எடுத்தேன். எடுக்கும் முன் பயிற்சி வேண்டுமானால் தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டையும் விசாரியுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் (2025–26 வரைக்கானது) இப்போதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்: அதில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். உங்கள் பங்கு 10 சதவீதமாவது இருக்க வேண்டும். இயந்திரத்தை வாங்கிவிட்டு மானியம் கேட்கப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போய்த் திரும்பி வந்தேன்.

கல்லாக உறைகிறதா? சர்க்கரை குறைந்ததால் உறைநிலை மேலே போய்விட்டது. 130 கிராம் சர்க்கரையில் 30 கிராமை டெக்ஸ்ட்ரோஸாக (குளுக்கோஸ் பொடி) மாற்றிப் பாருங்கள், கரண்டி இறங்கும். நறநறவென்று பனித்துகளா? குளிர வைத்ததும் கெட்டிப்படுத்தியதும் மெதுவாக நடந்திருக்கிறது. இயந்திரத்திலிருந்து மைனஸ் 5 டிகிரியில் எடுத்த உடனே சின்னக் கோப்பைகளில் நிரப்பி, மைனஸ் 20 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். பெரிய டப்பா நடுவில் உறைவதற்குள் பனித்துகள் வளர்ந்துவிடும். மணல் போல நாக்கில் தட்டினால் பால் பவுடர் கூடிப்போய் லாக்டோஸ் படிந்திருக்கிறது. கலவை கெட்டியாக வேண்டுமென்று பவுடரை அள்ளிப் போடுபவர்களுக்கு இதுதான் நடக்கும்.

காற்று விஷயத்தில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கொழுப்பு குறைந்த ஐஸ்கிரீம் 1 லிட்டர் குறைந்தது 475 கிராம் எடை இருக்க வேண்டும். ஓவர்ரன், அதாவது காற்று சேர்ந்து கூடும் அளவு, 80 சதவீதம் என்றால் 1 லிட்டர் சுமார் 610 கிராம், கவலையில்லை. காற்றைக் கூட்டி லாபம் பார்க்க ஆசைப்பட்டால் இந்தக் கோட்டை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு பாட்சிலும் ஒரு கோப்பையை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள்.

6. வயிற்றைச் சோதிக்காமல் விற்காதீர்கள்

முதல் கலவையில் இனுலினை 80 கிராம் போட்டிருந்தேன், வழுவழுப்பு அபாரம். மாமியாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அதையே கொண்டுபோனேன். ஆளுக்கு 150 கிராம் என்றால் ஒருவர் வயிற்றுக்குள் 12 கிராம் இனுலின். சாயங்காலம் வயிற்றைப் பிடிக்காத ஆள் இல்லை. சித்தப்பா இன்னும் என் ஐஸ்கிரீமை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இனுலினும் பாலிடெக்ஸ்ட்ரோஸும் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயு உண்டாக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு இன்னும் மோசம். 30 கிராமுக்கு இறங்கியது அதற்குப் பிறகுதான். கோப்பையையும் 60 கிராமாக வைத்தேன்.

7. பதிவும் உரிமமும்

நான் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் பதிவு செய்தது 2023-ல். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை பதிவுச் சான்று, ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு மேல் மாநில உரிமம், உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 வரை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இடைத்தரகர் ஒருவர் என்னிடம் 4,500 கேட்டார். நானே 5 ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டி 11 நாளில் எடுத்தேன். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே பாருங்கள்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று (சொந்த இடமென்றால் வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது, வாடகை என்றால் ஒப்பந்தம்), செய்யப்போகும் பொருள்களின் பட்டியல். உரிமம் என்றால் இவற்றோடு அறையின் வரைபடம், இயந்திரப் பட்டியல், தண்ணீர்ச் சோதனை அறிக்கை, உணவுப் பாதுகாப்புத் திட்டம் ஆகியவையும் சேரும். பதிவுச் சான்று மட்டும் எடுக்கும் சின்னத் தயாரிப்பாளர்களும் தண்ணீர்ச் சோதனையையும், வேலை செய்பவர்களின் மருத்துவத் தகுதிச் சான்றையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்தால் முதலில் கேட்பது அவைதான்.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று, பொருள் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது "ஐஸ்கிரீம்" என்று பொதுவாகப் போட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் வகை எண்ணைக் கண்டுபிடித்து, நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் அந்த எண்ணுக்கு நேராக அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். என் விண்ணப்பத்தில் "பாலிடெக்ஸ்ட்ரோஸ் என்றால் என்ன" என்று கேள்வி வந்தபோது அந்த ஒரு தாள்தான் காப்பாற்றியது.

இரண்டு, விண்ணப்பத்திலோ லேபிளிலோ "நீரிழிவாளர்களுக்கு" என்ற சொல் வரவே கூடாது. வந்தால் சிறப்பு உணவு, ஊட்ட உணவு விதிகளுக்குள் போய்விடுவீர்கள், அதற்கு மத்திய உரிமம் வேண்டும். அதோடு இந்த ஐஸ்கிரீமில் 13 சதவீதம் சர்க்கரையும் பாலின் லாக்டோஸும் அப்படியே இருக்கின்றன. கொழுப்பு குறைந்தது என்பதற்காகச் சர்க்கரைக்காரர்களுக்கு ஏற்றது என்று ஆகாது.

மூன்று, மாநில உரிமத்துக்கு மாறினால் ஒவ்வோர் ஆண்டும் மே 31-க்குள் ஆண்டு அறிக்கை தர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய். பெரிய தொகை இல்லை என்று விட்டுவைத்த தோழி ஒருவர், உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது ஐந்து இலக்கத்தில் கட்டினார்.

8. ஆய்வகம்: பணம் போகும் இடம்

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரமும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அறிவிப்பும் இரண்டும் உள்ள ஆய்வகம்தான் செல்லும். எனக்கு ஊட்டச்சத்துச் சோதனைக்கு மாதிரி ஒன்றுக்கு 6,500 ரூபாய், நார்ச்சத்துக்கு 4,800, நுண்ணுயிர்ச் சோதனைக்கு 3,200. அறிக்கை வர 10 வேலை நாள். உறைந்த மாதிரியை உலர் பனியில் அனுப்ப வேண்டும், அல்லது தெர்மோகோல் பெட்டியில் நீங்களே கொண்டுபோக வேண்டும். நான் கூரியரில் அனுப்பிய முதல் மாதிரி பாயசமாகப் போய்ச் சேர்ந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், 11,000 ரூபாய் மிச்சமாகும்.

நார்ச்சத்தை எந்த முறையில் அளக்கிறார்கள் என்று மாதிரி கொடுக்கும் முன்பே கேளுங்கள். விலைப்பட்டியலில் மலிவாக இருக்கும் "கச்சா நார்" வேறு விஷயம், நமக்கு உதவாது. வழக்கமான உணவு நார்ச்சத்து முறையிலும் இனுலினின் பெரும்பகுதியும் பாலிடெக்ஸ்ட்ரோஸும் தப்பிவிடும். என் முதல் அறிக்கையில் நார்ச்சத்து 0.6 கிராம் என்று வந்தது. கிலோவுக்கு 70 கிராம் கொட்டிய எனக்கு எப்படி இருந்திருக்கும்! கேட்க வேண்டியது ஏ.ஓ.ஏ.சி. 2009.01 என்ற முறை. சிறு சங்கிலிகளையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. நார்ச்சத்து விடுபட்டால் அவ்வளவும் கார்போஹைட்ரேட்டில் சேர்ந்து 1 கிராமுக்கு 4 கலோரி என்று கணக்காகும், அறிக்கையில் கலோரியும் கூடிவிடும். ஒரே தவறில் இரண்டு அடி.

அடுத்தது, ஒப்பிட்டுச் சொல்லப் போகிறீர்கள் என்றால் ஒப்பிடும் பொருளுக்கும் எண் வேண்டும். ஆகவே உங்கள் சாதாரண ஐஸ்கிரீமையும் அதே நாளில் அதே ஆய்வகத்தில் கொடுங்கள். இரண்டு மாதிரி, 13,000 ரூபாய். நான் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஓடினேன்.

9. லேபிள்

உங்கள் பெட்டியில் "குறைந்த கலோரி" என்று அச்சிட முடியாது. விதிப்படி அந்தச் சொல்லுக்குத் திட உணவில் 100 கிராமுக்கு 40 கலோரிக்கு மேல் இருக்கக் கூடாது. நம்முடையது 124. அச்சகத்தில் 2,000 மூடி அடித்து முடித்த பிறகு இதைப் படித்தவள் நான். அதற்குப் போன 7,000 ரூபாயை இந்தக் கட்டுரையின் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லக்கூடியவை இவை. கொழுப்பு 100 கிராமுக்கு 3 கிராமுக்குள் இருந்தால் "குறைந்த கொழுப்பு". 0.5 கிராமுக்குள் இருந்தால்தான் "கொழுப்பு இல்லாதது". நார்ச்சத்து 100 கிராமுக்கு 3 கிராம் இருந்தால் நார்ச்சத்து உள்ளது, 6 கிராம் இருந்தால் நார்ச்சத்து நிறைந்தது. கலோரியைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஒப்பீடாகத்தான்: எதைவிட, எத்தனை சதவீதம் குறைவு என்று. குறைந்தது 25 சதவீத வித்தியாசம் இருக்க வேண்டும். என் பெட்டியில் இப்போது இருப்பது "எங்கள் சாதாரண வெனிலாவைவிட 34% குறைந்த கலோரி". 35 என்று கணக்கு சொன்னாலும் அறிக்கையில் வந்த எண்ணைத்தான் போட்டேன்.

ஒப்பீட்டில் கிராமையும் மில்லியையும் கலக்காதீர்கள். 100 மில்லி ஐஸ்கிரீம் 60 கிராம்தான் இருக்கும். மற்றவர் பெட்டியில் 100 கிராமுக்கு என்று இருப்பதை உங்கள் 100 மில்லியோடு வைத்தால் கலோரி பாதியாகத் தெரியும். சிலர் தெரிந்தே செய்கிறார்கள். மாட்டினால் தவறான விளம்பரம்.

பாலிடெக்ஸ்ட்ரோஸ் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மலமிளக்கும் என்ற எச்சரிக்கை வாசகம் கட்டாயம். 4 சதவீதத்தில் தேவையில்லை. பால் என்ற ஒவ்வாமைக் குறிப்பு, பச்சைக் குறி, சேர்த்த பொருள்கள் எடை இறங்குவரிசையில், சேர்க்கைப் பொருளுக்கு ஐ.என்.எஸ். எண், சேர்த்த சர்க்கரை தனியாக. இதுவரை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பங்கு. நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், புகார் எண் ஆகியவை எடையளவுச் சட்டத்தின் பங்கு. பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கடைக்காரருக்கும் சேர்த்து அபராதம் வரும்.

10. ஜி.எஸ்.டி.

சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஐஸ்கிரீம் தயாரிப்பாளருக்கு அந்தச் சலுகை இல்லை, 20 லட்சம்தான் வரம்பு. பான் மசாலா, புகையிலையோடு நம்மையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள்! சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் சேர முடியாது. ஒரே நல்ல செய்தி, 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய விலைப்பட்டியலை வைத்து உங்களுக்குக் கணக்குச் சொல்பவர் இருந்தால் திருத்துங்கள்.

11. கெடு தேதியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்

கொழுப்பு நிறைந்த ஐஸ்கிரீம் 6 மாதம் தாங்குகிறது என்று நம்முடையதற்கும் அதே தேதியைப் போடக் கூடாது. கெட்டுப்போகாது, ஆனால் பனித்துகள் வளர்ந்து சாப்பிட முடியாமல் போகும். முதல் பாட்சில் 20 கோப்பைகளைத் தனியே எடுத்து வையுங்கள். பத்தை மைனஸ் 18 டிகிரியில் தொடாமல் வைத்து, வாரம் ஒன்றாகத் திறந்து பாருங்கள். மற்ற பத்தை வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வெளியே வைத்து மறுபடி உள்ளே வையுங்கள். பெட்டிக்கடை ஃப்ரீசரில், கரண்ட் போய்ப் போய் வரும்போது நடப்பது இதுதான். எனக்குத் தொடாத கோப்பைகள் பத்தாவது வாரத்திலும் முதல் நாள் மாதிரி இருந்தன. வெளியே வைத்து எடுத்தவை ஐந்தாவது வாரத்திலேயே நறநறத்தன. மால்டோடெக்ஸ்ட்ரின் 15 கிராம் சேர்த்து, அதே அளவு தண்ணீரைக் குறைத்த பிறகு அது எட்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போனது. கலோரி 100 கிராமுக்கு 6 கூடியது. அந்தக் கலவைக்கு ஆய்வகத்தில் மறுபடி பணம் கட்டி, பெட்டியில் 34-ஐ 31 என்று மாற்றி, இரண்டு மாதம் என்று தேதி போட்டு விற்கிறேன்.